இரைப்பைச் சுருக்க அறுவை: வெட்கமும் அவசரமும் வேண்டாம்

 



"ஹஜ்ரத், எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொள்வது மார்க்கத்தில் கூடுமா?" என்னும் கேள்வி, அண்மைக் காலமாக மயிலாடுதுறையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அடிக்கடி எழுகிறது. ஆண்களும் கேட்கின்றனர்; தம் மனைவிக்காக, மகளுக்காகக் கேட்பவர்களும் உள்ளனர். கேள்வியின் பின்னாலேயே ஒரு வேண்டுகோளும் வருகிறது: "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்." சட்டம் கேட்கும் அந்தக் கேள்வியைவிட இந்த வேண்டுகோளே என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். உடல் பருமன் நோயாகிவிட்ட நிலையில், தகுதியுள்ள மருத்துவர் பரிந்துரைக்கும் அறுவை சிகிச்சை மார்க்கம் அனுமதித்த மருத்துவமே. ஆனால் நம் சமூகம் அந்நோயாளியின்மீது சுமத்தும் வெட்கம் அவரை மறைவுக்குத் தள்ளுகிறது. மறைவில் எடுக்கும் முடிவு அவசர முடிவாகிறது. அந்த அவசரம் சில வேளை உயிருக்கே உலை வைத்துவிடுகிறது. ஆகவே அறுவை கூடுமா என்று கேட்பதோடு, அதைப் பற்றி அச்சமின்றிப் பேசக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளியா, பெருந்தீனிக்காரரா?

பருமனான ஒருவரைக் கண்டதும் "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று நம் நாவு தீர்ப்பு எழுதிவிடுகிறது. மருத்துவம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிப்பதில்லை. பரம்பரை, தைராய்டுக் குறைபாடு, சில மாத்திரைகள், தூக்கக் குறைவு, மகப்பேற்றுக்குப் பின் ஏறிய எடை எனக் காரணங்கள் பலவாகும். ஒருவர் கடும் பத்தியத்தால் எடையைக் குறைத்தாலும், உடல் தன் பழைய எடைக்கே திரும்ப முயல்கிறது. பசியைக் கூட்டுகிறது, சக்தி செலவிடுவதைக் குறைக்கிறது. பல முறை குறைத்துப் பல முறை ஏறியவரைச் சோம்பேறி என்பது அநியாயமாகும். அவர் இல்லாத இடத்தில் அவ்வாறு பேசுவது புறம் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

இஃது ஓரிருவரின் துன்பமும் அன்று. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2015–16இல் இந்த அளவு 30.9 விழுக்காடாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என மதிப்பிட்டது.

நம் பகுதிக்கென்று ஒரு காரணமும் உண்டு. இது குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் மண். சோறே நம் உணவின் நடு. வயலில் இறங்கி நாள் முழுதும் உழைத்தவர் உண்ட அளவையே, நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்துவிட்ட இக்காலத்தில் கடையில் அமர்ந்திருப்பவரும் உண்கிறார். சபுராளி வீடுகளில் பொருளாதாரம் உயர்ந்தது. நெய்ச்சோறும் இறைச்சியும் வாரத்தில் பல நாள் வருகின்றன. ஆனால் அவ்வீட்டுப் பெண்கள் நடப்பதற்கு ஒரு திடலோ, காலை நேரத்தில் உலாவுவதற்கு ஓர் அனுமதியோ பல ஊர்களில் இல்லை. உண்ண வற்புறுத்துவதும் நாமே, நடக்க விடாமல் தடுப்பதும் நாமே, பருத்துவிட்டால் பழிப்பதும் நாமே என்றால் அது நீதியாகுமா?

மார்க்கத்தின் நிலை

இவ்வறுவையை எதிர்ப்போர் பெரும்பாலும் அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தைச் சுட்டுகின்றனர். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவப் போவதாக ஷைத்தான் கூறியதை அவ்வசனம் எடுத்துரைக்கிறது. "இரைப்பையை வெட்டுவது படைப்பை மாற்றுவதல்லவா?" என்பது அவர்களின் வாதம்.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி இதற்கு விடை தருகிறது. அறியாமைக் காலத்துப் போர் ஒன்றில் அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தியபோது அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. அப்போது பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆண்களுக்குப் பொன் தடுக்கப்பட்டிருந்தும், குறையை நீக்கும் தேவைக்காக அங்கு அனுமதி கிடைத்தது. ஆகவே நோயையும் குறையையும் நீக்குவது வேறு, அல்லாஹ் அளித்த நல்ல உருவத்தின்மீது நிறைவின்றி அதை மாற்றுவது வேறு என மார்க்க அறிஞர்கள் பிரித்துக் காட்டினர்.

இக்காலத்திலும் இப்பொருள் ஆராயப்பட்டுள்ளது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவை, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது, அழகு அறுவைகள் குறித்து 173ஆம் தீர்மானத்தை இயற்றியது. எடை ஒரு நோய்நிலையாக இருக்க வேண்டும். அறுவையன்றி வேறு வழி இல்லாதிருக்க வேண்டும். தீங்கிலிருந்து பாதுகாப்பு இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், ஏற்கப்பட்ட மருத்துவ முறைகளால், அறுவை உட்பட, எடையைக் குறைப்பது கூடும் என்பது அதன் ஒரு பகுதியின் கருத்து.

இம்மூன்று நிபந்தனைகளையும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். "எடை குறைந்தால் நல்ல வரன் அமையும்" என்று இருபது வயதுப் பெண்ணை அறுவைக்கு அனுப்புவது முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. பெண் பார்க்க வருவோரின் கண் மருத்துவ அளவுகோல் ஆகாது. முறையான உணவு மாற்றத்தையும் மருந்தையும் முயலாமல் நேரே கத்தியிடம் செல்வது இரண்டாம் நிபந்தனையோடு மோதுகிறது. மலிவான இடம் என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவமனையைத் தேர்வது மூன்றாவதை மீறுகிறது.

யாருக்கு, எவ்வாறு?

எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். இந்திய வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், நம்மவரின் உடலமைப்பைக் கருதி, இக்குறியீடு 37.5ஐக் கடந்தால் அறுவையைக் கருதலாம் என்றது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவை உடன் இருந்தால் 32.5 என்பதே எல்லை. ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு, இவை முறையே 96 கிலோ, 83 கிலோ எனும் அளவுகளாகும். 2022இல் வந்த உலக அளவிலான வழிகாட்டல் இவ்வெல்லைகளை இன்னும் தாழ்த்தியுள்ளது. எண் மட்டும் முடிவு செய்வதில்லை. மருத்துவர் முழு உடல்நிலையையும் பார்த்தே கூறுவார்.

இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய் போலாகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்த பகுதியும் அத்துடன் நீங்குவதால் பசி குறைகிறது. அகற்றியதை மீண்டும் பொருத்த இயலாது. பைபாஸ் முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கின்றனர். இரண்டும் வயிற்றில் சிறு துளைகளிட்டே செய்யப்படுகின்றன.

பலன் உண்டா எனில், உண்டு. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருந்ததை 2007இல் எடுத்துக்காட்டியது. சர்க்கரை நோய் பலருக்குக் கட்டுப்படுகிறது. சிலருக்கு மாத்திரையே தேவையற்றுப் போகிறது. ஆபத்தும் உண்டு. தையலிட்ட இடத்தில் கசிவு, இரத்தப் போக்கு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைதல் ஆகியவை அரிதாயினும் நிகழக் கூடியவை. வாழ்நாள் முழுதும் வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டை விட்டால் எடை திரும்பவும் ஏறும்.

இப்போது ஊசி மருந்துகளும் வந்துள்ளன. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவற்றை நிறுத்தினால் எடை திரும்புவது இயல்பு, செலவும் அதிகம். எனினும் "வேறு வழி இல்லை" என்று முடிவு செய்யும் முன், தமக்கு இவை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டறிவது கடமையாகும். தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு மரணம் கற்பித்தது

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், 150 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைக் குறைப்பதற்காகச் சென்னைப் புறநகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக்குச் சேர்ந்தார். அறுவை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவரது இதயம் தடுமாறியது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் அவர் உயிர் பிழைக்கவில்லை. பெற்றோர் முறையிட்டனர், அரசு விசாரணைக் குழு அமைத்தது, அவசர நிலையைக் கையாளப் போதிய வசதி அங்கு இல்லை என்று விசாரணை காட்டியதாகச் செய்திகள் வந்தன. அம்மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

இச்செய்தியைக் கேட்ட பலர் "அதனால்தான் இந்த அறுவையே வேண்டாம் என்கிறோம்" என்றனர். அது சரியான படிப்பினை ஆகாது. நல்ல மையங்களில் இவ்வறுவையால் இறப்போர் ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவிலேயே உள்ளனர். எந்த அறுவை என்பதோடு எந்த இடம், எத்தகைய ஆயத்தம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதே நாம் பெற வேண்டிய படிப்பினை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிமொழி உள்ளது. தேர்ந்தவரைத் தேடிச் செல்லும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

எனவே மருத்துவரிடம் அமர்ந்து வெட்கமின்றிக் கேளுங்கள். இவ்வறுவையை அவர் எத்தனை ஆண்டுகளாக, எத்தனை பேருக்குச் செய்துள்ளார்? மயக்க மருந்து நிபுணர் யார்; அவர் முன்னரே நோயாளியைப் பார்ப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் அதே கட்டடத்தில் உள்ளனவா? இரவில் கசிவு ஏற்பட்டால் யார் வருவார்? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்குவார்களா? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லாத இடத்தில் கையெழுத்திட வேண்டாம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் "முன்பு–பின்பு" படங்கள் விளம்பரமே. அவை மருத்துவ ஆலோசனை ஆகா.

ஆயத்தம் பல வாரங்கள் நீடிக்கும். இதயம், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஆகியவை பரிசோதிக்கப்படும். பலமாகக் குறட்டை விடுவோருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கையில் அது பெரும் ஆபத்தாகக் கூடும். உணவியல் நிபுணரையும் மனநல மருத்துவரையும் சந்திக்கச் சொல்வார்கள். அதில் இழிவேதும் இல்லை. அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மாவுச்சத்துக் குறைந்த உணவு தருவர். கொழுப்பேறிய கல்லீரல் சற்றுச் சுருங்கி, மருத்துவருக்கு இடம் கிடைக்கும். பீடி, சிகரெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். உண்டுவரும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் மறைவு தீங்கு செய்கிறது. யாருக்கும் தெரியாமல் செல்பவர், கேள்வி கேட்க ஓர் அண்ணனையோ மச்சானையோ அழைத்துச் செல்வதில்லை. உறவினர் சந்தேகிக்கும் முன் திரும்பிவிட வேண்டும் என்று பரிசோதனைகளைச் சுருக்குகிறார். நம் ஊரிலிருந்து சென்னை ஐந்தாறு மணி நேரப் பயணம். அறுவைக்குப் பின் காய்ச்சலோ, வயிற்று வலியோ, நெஞ்சு படபடப்போ வந்தால், வீட்டில் ஒருவருக்காவது செய்தி தெரிந்திருந்தால்தான் உடனே கொண்டு செல்ல முடியும்.

செலவு பல லட்சம் ரூபாய் ஆகலாம். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இவ்வறுவை செய்யப்பட்டு வருகிறது. முதலில் அங்கு விசாரியுங்கள். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது நிறைந்து, குறியீடு 40ஆகவோ, கடும் துணை நோய்களுடன் 35ஆகவோ இருந்தால்தான் நிறுவனம் இச்செலவை ஏற்கும். மருத்துவர் கூறும் எல்லையும் காப்பீட்டின் எல்லையும் வேறு வேறு. வட்டிக்குக் கடன் வாங்கி அவசரமாகச் செய்துகொள்வதை விட, உணவையும் மருந்தையும் கடைப்பிடித்தபடி சில மாதம் பொறுத்துச் சேமிப்பது மேலானது.

வணக்க வழிபாடு குறித்து

அறுவைக்குப் பின் இரத்தம் உறையாதிருக்க இடப்படும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுபவை. உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் மக்காவில் கூடியபோது இதனை ஆராய்ந்து, ஈடான மாற்று இல்லாத நிலையில் தேவையின் அளவுக்கு இதனைப் பயன்படுத்தலாம் என்றது. எனவே "எனக்குப் பொருந்தும் மாற்று மருந்து உண்டா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையெனில் அந்த ஊசியை மறுத்து உயிரை ஆபத்தில் இடாதீர்கள். வைட்டமின் மாத்திரைகளில் ஜெலட்டின் உறை இல்லாதவை கிடைக்கின்றன. வாழ்நாள் மருந்தாகையால் அவற்றைத் தேடிப் பெறலாம்.

பெண்கள் பெண் மருத்துவரையும் பெண் செவிலியரையும் கேட்டுப் பெறுவது உரிமை. கிடைக்காதபோது தேவைக்கு ஏற்ற அளவு அனுமதி உண்டு. மேலும் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. இதைக் கணவனும் மனைவியும் முன்பே கலந்து பேசிக்கொள்ள வேண்டும்.

தொழுகையை அமர்ந்தோ படுத்தோ இயன்றவாறு நிறைவேற்றலாம். நோன்பைப் பொறுத்தவரை, அறுவைக்குப் பின் வரும் முதல் ரமளானில் நோற்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவர். சிறிது சிறிதாக நாள் முழுதும் நீர் அருந்த வேண்டிய உடல் அது. நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்ற சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே அளித்திருக்கிறான். சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே. பின்னர் எப்போது நோற்கலாம் என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்க.

வீட்டின் தட்டும் மாற வேண்டும்

அறுவை செய்துகொண்டவர் முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கூழ், பிறகு மசித்த உணவு எனப் பல வாரங்கள் படிப்படியாக ஏறுவார். அதன் பின்னும் சில கவளங்களே கொள்ளும். முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு கடைசியில். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். பைபாஸ் செய்தவர் இனிப்பு மிகுதியாக உண்டால் மயக்கமும் வியர்வையும் வரும்.

இத்தகைய ஒருவரை வலிமா விருந்தில் "இன்னும் ஒரு பிடி, எனக்காக" என்று வற்புறுத்துவது அன்பு என்று நாம் கருதுகிறோம். அவருக்கு அது துன்பம். சஹனில் அவரோடு அமர்ந்து, அவர் கையை எடுத்ததும் ஏனென்று கேளாதிருப்பதே அன்பு.

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைச் சிறு வயது முதல் மக்தபில் ஓதி வருகிறோம். அறுவை செய்தவர் இனி அளவோடு உண்பதைக் கட்டாயத்தால் கடைப்பிடிப்பார். அவர் வீட்டார் அதை விருப்பத்தோடு கடைப்பிடித்தால், அவருக்குத் துணையாகவும் இருக்கும். அடுத்த தலைமுறையில் மற்றொருவர் அறுவைக்குச் செல்ல வேண்டிய நிலையும் குறையும். பெண்கள் காலையில் நடப்பதற்கு ஓர் இடத்தை ஏற்பாடு செய்வது ஜமாஅத் நிர்வாகிகளால் இயலாத காரியம் அன்று.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். அந்த உரிமையை நிறைவேற்ற ஒருவர் மருத்துவமனை செல்லும்போது, அவர் ஒளிந்து செல்ல வேண்டியதில்லை. இஸ்திகாரா செய்யுங்கள், குடும்பத்தாரோடு மஷ்வரா செய்யுங்கள், தகுதியுள்ள மருத்துவர் இருவரிடமாவது கேளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவது என்பது இதுவே.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பழிக்கும் நாவிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.